‘ஓகே’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: ஒரு புரூவ் மேசையிலிருந்து

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் புரூவ் பார்ப்பது, அதாவது அச்சடிக்கும் முன் மாதிரித் தாளை வாசித்துப் பிழை திருத்துவது, என் வேலை. கலியாண அட்டை, நினைவு மலர், கடைகளுக்கான பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வேலை வரும். எந்த மொழித் தாளாக இருந்தாலும் கடைசியில் அதன் மூலையில் வந்து உட்காருவது ‘ஓகே’தான். வாடிக்கையாளர்களும், கூட வேலை செய்யும் பிள்ளைகளும், சும்மா பேப்பர் வாசிக்க வந்து போகும் பெரியவர்களும் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அதற்குக் காரணம் அந்தச் சொல்மேல் எனக்குள்ள பழைய கோபம். என்ன கோபம் என்பது நடுவில் வரும்.

ஓகே என்பது எதன் சுருக்கம்?

‘ஓல் கரெக்ட்’, அதாவது எல்லாம் சரி. ஆனால் ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களும் ‘ஏ’, ‘சி’ என்ற எழுத்துகளில் தொடங்குபவை. ஒழுங்காகச் சுருக்கினால் ‘ஏ.சி.’ என்றுதான் வரவேண்டும். வேண்டுமென்றே, காதில் விழுகிறபடி பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதல் எழுத்துகளை எடுத்ததால் ‘ஓ.கே.’ ஆயிற்று. எல்லாம் சரி என்று சொல்கிற சொல்லில் இருக்கிற இரண்டு எழுத்துமே பிழை. புரூவ் பார்க்கிறவனுக்கு இதைவிட எரிச்சலான சொல் கிடைக்காது.

இதில் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் ‘ஆல்’ என்று எழுதுவதை இலங்கையில் நாங்கள் ‘ஓல்’ என்றுதான் எழுதுகிறோம். ஆகவே எங்கள் எழுத்தில் ‘ஓல் கரெக்ட்’ என்பதைச் சுருக்கினால் ஒரு பிழையும் விடாமலே ‘ஓ.க.’ வந்துவிடும். அமெரிக்கக்காரன் பாடுபட்டுப் பிழையாக எழுதிய இடத்துக்கு நாங்கள் நேர் வழியில் போய்ச் சேர்கிறோம்.

முதலில் எங்கே அச்சாயிற்று?

1839 மார்ச் 23-ல், அமெரிக்காவின் ‘பொஸ்டன் மோர்னிங் போஸ்ட்’ பத்திரிகையில். அப்போது அதன் ஆசிரியர் சார்ல்ஸ் கோர்டன் கிரீன். மணியடிப்பதை எதிர்க்கும் சங்கம் என்ற பெயரில் அந்த ஊரில் ஒரு குறும்புக் கூட்டம் இருந்தது. அதன் பயணம் ஒன்றைப் பற்றி, புரொவிடன்ஸ் நகரத்துப் பத்திரிகைக்காரரைச் சீண்டி எழுதிய குறிப்பு அது. ‘ஓ.கே.’ என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே கோடிழுத்து ‘எல்லாம் சரி’ என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள். விளக்கம் வைக்க வேண்டியிருந்தது என்றால் வாசகருக்கு அது அவ்வளவாகப் பழகாத சொல் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிழையாக எழுதுவதில் அப்படி என்ன பகிடி?

இன்றைக்குப் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் செய்கிற அதே பகிடிதான். 1838, 1839 அளவில் பொஸ்டன் பத்திரிகைகளுக்கு எதையும் முதல் எழுத்துகளாகச் சுருக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. சும்மா சுருக்கியது அலுத்ததும் பிழையாக எழுதிச் சுருக்கத் தொடங்கினார்கள். ‘ஓல் ரைட்’ என்பதற்கு ‘ஓ.டபிள்யூ.’ என்று போட்டார்கள். ‘ரைட்’ என்ற சொல் ‘ஆர்’ எழுத்தில் தொடங்க வேண்டியது, அவர்கள் ‘டபிள்யூ’வில் தொடங்கினார்கள். ‘நோ கோ’, நடவாது என்பதற்கு ‘கே.ஜி.’. ‘நோ யூஸ்’, பயனில்லை என்பதற்கு ‘கே.வை.’. இரண்டிலும் ‘நோ’வை, ‘கே’யில் தொடங்கி ‘தெரியும்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக எழுதினார்கள்; ‘யூஸ்’ஐ ‘வை’யில் தொடங்கினார்கள். எழுத்தறிவு குறைந்தவன் எழுதுகிற மாதிரி எழுதிக்காட்டி, நன்றாகப் படித்தவர்கள் சிரித்துக்கொண்டார்கள். கொஞ்சம் திமிர் பிடித்த நகைச்சுவை. கொழும்பிலும் அது உண்டு: ஆங்கிலம் சரியாக வராதவரின் உச்சரிப்பைப் பேசிக்காட்டிச் சிரிப்பவர்களை எந்தக் கந்தோரிலும் பார்க்கலாம்.

மற்றவை எல்லாம் செத்துப்போக இது மட்டும் எப்படிப் பிழைத்தது?

தேர்தல் காப்பாற்றியது. 1840-ல் ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன் இரண்டாம் முறை போட்டியிட்டார். நியூயோர்க் மாநிலத்தில் கிண்டர்ஹூக் என்ற ஊர்க்காரர் என்பதால் அவருக்கு ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்று பட்டப்பெயர். அதன் முதல் எழுத்துகளும் ஓ, கே. அவருடைய ஆட்கள் நியூயோர்க்கில் ‘ஓ.கே. கிளப்’ அமைத்துக் கத்தித் திரிந்தார்கள். எதிர்க்கட்சியான விக் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே இரண்டு எழுத்துக்கும் ‘அவுட் ஒஃப் கேஷ்’, காசு தீர்ந்தது என்ற மாதிரி, ‘கேஷ்’ஐ ‘கே’யில் தொடங்கிக் கேலி விரிவுகளைக் கண்டுபிடித்தார்கள். முந்திய ஜனாதிபதி ஆன்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்ட வராது, அவர்தான் ‘எல்லாம் சரி’ என்று பிழையாக எழுதி இதைத் தொடங்கினார் என்ற கதையும் அந்தத் தேர்தல் களத்தில் கட்டிவிட்டதுதான். வான் பியூரன் தோற்றார், சொல் வென்றது.

அதன் பிறகு தந்தி வந்தது. ‘செய்தி வந்து சேர்ந்தது’ என்று மறுமுனைக்குச் சொல்ல இரண்டே எழுத்து போதும் என்றால் எந்தத் தந்திக்காரன் விடுவான்? இந்த இடத்தைக் கவனித்து வையுங்கள். பத்திரிகையில் ‘எல்லாம் சரி’ என்றிருந்த சொல் தந்திக் கம்பியில் ‘கிடைத்தது’ ஆகிவிட்டது. என் கோபத்துக்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

இதையெல்லாம் யார் தேடிப் பிடித்தது?

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த அலன் வோக்கர் ரீட். பழைய பத்திரிகைகளைத் தாள் தாளாகப் புரட்டி, 1963, 1964-ல் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். கணினித் தேடல் இல்லாத காலம். இந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

நான் வேறு மாதிரிக் கேள்விப்பட்டேன். செவ்விந்தியர் சொல் என்றார்களே? போர்க்களக் கதை ஒன்றும் உண்டே?

ஓகேக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் ஏராளம்.

அமெரிக்கப் பழங்குடிகளான சொக்டோ மக்களின் மொழியில் ‘ஓகே’ போல ஒலிக்கும் சொல் உண்டு. ‘அப்படித்தான்’ என்கிற பொருள். 1913 முதல் 1921 வரை ஜனாதிபதியாக இருந்த வூட்ரோ வில்சன் இதை நம்பி, கோப்புகளில் அந்த எழுத்துக்கூட்டலிலேயே எழுதினார். ஜனாதிபதி எழுதினார் என்பதற்காகச் சொல்லின் வேர் மாறிவிடாது.

போர்க்களக் கதை இரண்டு. படைக்குப் பிஸ்கட் கொடுத்த ஓரின் கென்டல் என்பவரின் பெயரெழுத்துகள் பெட்டியில் இருந்தன என்பது ஒன்று. இறந்தவர் யாருமில்லை என்பதைக் காட்டப் பலகையில் பூச்சியமும் ‘கே’யும் எழுதினார்கள் என்பது மற்றது. இரண்டையும் தள்ள ஆராய்ச்சி தேவையில்லை, ஆண்டுக் கணக்கே போதும். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது 1861-ல். அதற்கு 22 வருடம் முன்னாலேயே பொஸ்டனில் சொல் அச்சாகிவிட்டது.

கிரேக்கர்கள் தங்கள் ‘ஓலா கலா’ என்பார்கள். அதற்கும் ‘எல்லாம் நன்று’ என்றே பொருள். ஸ்கொட்லாந்துக்காரர் ‘ஓக் ஐ’ என்பார்கள். எனக்குப் பிடித்தது ஜெர்மன் கதை. ‘ஓனெ கொரெக்டூர்’ என்றால் திருத்தம் இல்லாமல். ஜெர்மன் புரூவ்காரர்கள் அதைச் சுருக்கித் தாளின் ஓரத்தில் போட்டார்களாம். என் தொழிலுக்குப் பெருமை சேர்க்கிற கதை, உண்மையாக இருந்திருக்கலாம் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் ஆசை வேறு, ஆதாரம் வேறு.

சற்று நின்று யோசிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மேற்கு ஆபிரிக்காவின் வொலொஃப் மொழியில் ‘வாவ்’ என்றால் ஆம். அதோடு ‘கே’ சேர்த்து அழுத்திச் சொல்வார்கள். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் வழியாக அது வந்திருக்கலாம் என்று டேவிட் டால்பி என்ற மொழியறிஞர் வாதாடினார். அந்த மக்களின் பேச்சை அன்றைக்கு யாரும் அச்சில் ஏற்றவில்லை, அதனால் அச்சில் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி ஒதுக்குவது சரியில்லை. ஆனாலும் 1839-லிருந்து சங்கிலி அறாமல் வருவது பொஸ்டன் கதைதான். நான் அந்தப் பக்கம்.

ஓகே தமிழ்ச் சொல்லாமே?

இதைக் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் கேட்கவில்லை, அறிவித்தார். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “தம்பி, ஓகை என்றால் என்ன?” என்றார். மகிழ்ச்சி என்றேன். உவகையின் இன்னொரு வடிவம், அகராதியில் இருக்கிற சொல்தான். “அப்ப சரி. ஓகை, ஓகே. வெள்ளைக்காரன் எங்களிட்ட எடுத்ததுதான்.” ஆதாரம் என்ன ஐயா என்று கேட்டதற்குத் தன் போனை நீட்டினார். வட்ஸ்அப்.

கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குப் போனது உண்மை. மிளகுதண்ணிகூடச் சூப்பாகிப் போய்ச் சேர்ந்தது. போனதற்குத் தடம் இருக்கிறது. ஓகைக்குத் தடம் எதுவும் இல்லை, ஒலி ஒற்றுமை மட்டும்தான். ஒலி ஒத்துப்போவதெல்லாம் உறவு என்றால் கிரேக்கரும் ஸ்கொட்லாந்துக்காரரும் வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறார்கள். பெரியவர் ஏற்கவில்லை. அன்று முழுவதும் என்னிடம் கதைக்கவுமில்லை.

யாழ்ப்பாணத்து ‘ஓம்’ வேறு, ஓகே வேறா?

முற்றிலும் வேறு. ‘ஓம்’ நம் ‘ஆம்’ என்பதன் உறவு. ஆனால் கொழும்பில் அவை ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து வீட்டில் ‘ஓம்’. மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் கடையில் நிற்கும் பிள்ளைக்கு ‘ஆமா’. பக்கத்துக் கடை முஸ்லிம் நானாவுக்கு ‘ஓ’. சிங்களத்தில் ‘ஒவ்’. இதில் முக்கால்வாசி ‘ஓ’வில் தொடங்குவது தற்செயல். ஆனால் தொலைபேசி இரைச்சலில் ‘ஓ’ என்ற ஒலி மட்டும் காதில் விழுந்தால், பேசியவர் எந்த மொழியில் தலையாட்டினார் என்றே தெரியாது.

கொழும்பில் ஓகே இப்படி ஓடுவதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். ‘ஓம்’ என்று சொன்னால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். ‘ஆமா’ என்றாலும் அப்படித்தான். சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஓகேக்கு ஊர் இல்லை.

ஓகே என்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தப் பக்கமே.

“சாப்பாடு எப்படி?” “ஓகே.” இது சுமார் என்று பொருள், சமைத்தவருக்கு முன்னால் சொல்லக்கூடாது. “ஆள் ஓகேயா?” இது சுகமா என்ற விசாரிப்பு. “ஓகே, அப்புறம்?” இதில் அது அடுத்த கதைக்குப் போகும் படிக்கட்டு. “ஓகே ஓகே” என்று இரண்டு முறை வேகமாகச் சொன்னால் போதும், நிறுத்து. “ஓ...கே” என்று நடுவில் இழுத்தால் நீ சொல்வதை நான் நம்பவில்லை. இத்தனைக்கும் நடுவில், தந்திக்காரன் விட்டுப்போன பழைய அர்த்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது: நீ அனுப்பியது வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

என் கதைக்கு வருகிறேன். ஒரு கலியாண அட்டை. பெண்ணின் தகப்பனுக்கு இரவு பத்து மணிக்குப் புரூவைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் ‘ஓகே’ என்று வந்தது. காலையில் பிளேட் போட்டோம், மத்தியானம் 400 அட்டை கட்டி முடிந்தது. மூன்றாம் நாள் குடையோடு ஒரு வயதானவர் வந்தார். வாங்கில் உட்கார்ந்து, உறையிலிருந்து அட்டையை மெதுவாக எடுத்து விரித்தார். ‘கனிஷ்ட புத்திரி’ என்ற வரியைத் தாண்டி விரல் கீழே இறங்கியது. ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லில் நின்றது.

“தம்பி, இது நான்தான்.”

பெண்ணின் தாய்வழிப் பாட்டனார். நாங்கள் வேறொரு வீட்டு அட்டையின் கோப்பைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றியிருந்தோம். அந்த வீட்டுப் பாட்டனாரின் ‘காலஞ்சென்ற’ அப்படியே இருந்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, “எப்ப போனன் என்று திகதியும் போட்டிருக்கலாமே” என்றார். அதற்குச் சத்தம் போட்டிருக்கலாம்.

தகப்பனாரைக் கேட்டால், “நான் ஓகே என்றது படம் கிடைச்சது என்று. வாசிச்சுப் பார்த்துச் சொல்றன் என்றெல்லோ இருந்தனான்” என்கிறார். அவரிடம் பிழை சொல்ல முடியுமா? அந்தக் காலத்துத் தந்திக்காரன் எந்த அர்த்தத்தில் அனுப்பினானோ, அதே அர்த்தத்தில்தான் அவரும் அனுப்பியிருக்கிறார். நான் 1839-ன் பத்திரிகை அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன். 400 அட்டையும் எங்கள் செலவில் மறுபடி அச்சாயிற்று. புரூவை முதலில் வாசித்து விட்டவனும் நான்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை.

பஸ்ஸில் கொண்டக்டர் சொல்லும் ‘ரைட்’டும் ஓகேயும் ஒன்றா?

கிட்டத்தட்ட. ஆனால் ‘ரைட்’ நேர்மையான சொல். காலி வீதியில் 100 இலக்க பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். வெள்ளவத்தைச் சந்தையடியில் கடைசிக் கால் படியில் பட்டதோ இல்லையோ, கொண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி “ரைட்” என்பார்; பஸ் பாயும். சிங்களத்தில் ‘ஹரி ஹரி’ என்றும் சொல்வார்கள், நம் ‘சரி’க்குப் பக்கத்து வீட்டு ஒலி. ‘ரைட்’ சொன்ன பிறகு யாரும் “நான் கேட்டேன் என்றுதான் சொன்னேன்” என்று தப்ப முடியாது. பஸ் போய்விட்டது.

வெறும் ‘கே’ அனுப்பினால் கோபமா?

என் மகளைக் கேட்டேன். ஆம் என்கிறாள்.

கொம்பியூட்டர் பொத்தானில் ஏன் ‘ஓகே’?

அப்பிள் கம்பனி 1983-ல் வெளியிட்ட லிசா கணினியைச் செய்துகொண்டிருந்தபோது, பொத்தானில் முதலில் ‘டூ இட்’, அதாவது ‘செய்’ என்று போட்டிருந்தார்களாம். பரீட்சித்துப் பார்க்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எரிச்சலடைந்தார். இரண்டு சொல்லுக்கும் நடுவிலிருந்த இடைவெளி அவர் கண்ணில் படவில்லை; அந்த எழுத்துருவில் பெரிய ‘ஐ’ சின்ன ‘எல்’ போலவும் இருந்தது. அவர் கண்ணுக்கு அது ‘டோல்ட்’ என்று பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு மடையன் என்று பொருள். நான் ஏன் மடையன் என்று கேட்டாராம். அதற்குப் பிறகு ‘ஓகே’ வந்தது. ஒரு இடைவெளி செய்கிற வேலையை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘நல்லதங்காள்’ என்பதை ‘நல்லது அங்காள்’ என்று பிரித்து அச்சடித்த நோட்டீஸ் ஒன்றை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

விரலை வளைத்துக் காட்டும் சைகை எல்லா இடத்திலும் ஓகேயா?

இல்லை. பிரேசிலில் அது கெட்ட சைகை. ஜப்பானில் காசைக் குறிக்கும். பிரான்சில் பூச்சியம் என்றும் எடுத்துக்கொள்வார்கள். கடலுக்குள் மூழ்குபவர்களுக்கு மட்டும் அது கண்டிப்பான மொழி: திருகோணமலையிலோ ஹிக்கடுவையிலோ நீருக்கடியில் ‘எல்லாம் சரி’ சொல்ல விரல் வளையம்தான். பெருவிரலைத் தூக்கினால் மேலே போவோம் என்று அர்த்தமாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. 2017-ல் இணையத்தில் சிலர் பகிடிக்காக இந்தச் சைகை வெள்ளையின வெறியர்களின் அடையாளம் என்று கிளப்பிவிட்டார்கள். பிறகு நிஜ வெறியர்களே அதைக் காட்டத் தொடங்கினார்கள். 2019-ல் அமெரிக்காவின் யூத உரிமை அமைப்பு ஒன்று அதை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பகிடியாகத் தொடங்கிய சொல்லின் சைகைக்கும் பகிடியே இப்படி ஒரு வேலை பார்த்திருக்கிறது. விகாரைகளில் புத்தர் சிலையின் கையில் காணும் வளையம் இதற்கெல்லாம் வெகு முந்தியது. உபதேசம் செய்யும் முத்திரை அது.

தமிழில் எப்படி எழுதுவது? ஓ.கே., ஓகே, ஓக்கே?

புள்ளி இல்லாமல் ‘ஓகே’. இப்போது அது சுருக்கமும் இல்லை, விரித்துச் சொல்ல ஆளும் இல்லை. ‘ஓக்கே’ என்று பேசுவது சரி, தாளில் வேண்டாம்.

அப்படியென்றால் இப்போது புரூவில் என்ன எழுதச் சொல்கிறீர்கள்?

‘வாசித்துப் பார்த்தேன், அச்சிடலாம்’ என்று முழு வரி. கீழே பெயர், திகதி. வட்ஸ்அப்பில் என்றாலும் இதே வரியைத் தட்ட வேண்டும்; ஓகே மட்டும் வந்தால் “கிடைத்ததா, சரியா?” என்று திருப்பிக் கேட்போம். கலியாண அட்டையென்றால் போனில் கூப்பிட்டு எல்லாப் பெயரையும் வாசித்துக்காட்டுவேன். ‘காலஞ்சென்ற’ வரும் இடத்தில் நிறுத்தி, உண்மையா என்று கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும்.

போன கிழமை ஒருவர் அந்த வரியை அழகான கையெழுத்தில் முழுவதும் எழுதி, திகதியும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு பார்த்தால், முகூர்த்த நேரத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி. இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேன், போன் எடுக்கவில்லை. தாள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.